டேப்லெட் பேட்டரி: கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

வேலூரில் போனும் டேப்லெட்டும் பழுது பார்க்கும் சின்னக் கடை எனக்கு. வருஷம் முழுக்க டிஸ்ப்ளே மாற்றும் வேலைதான் அதிகம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மட்டும் மேசையில் பேட்டரி கேஸ்கள் குவியும். பேட்டரியை மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கும்போதே ஒவ்வொருவரும் நாலைந்து கேள்வி கேட்பார்கள். அவற்றில் அடிக்கடி வருபவை இவை.

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? வெடித்துவிடாதா?

சார்ஜ் அதிகமாகி வெடிக்காது. பேட்டரி நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தை நிறுத்திவிடும். அது இல்லாத டேப்லெட் இன்று கடையில் விற்பதில்லை.

ஆனால் தினமும் அப்படிச் செய்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். பத்து மணிக்குச் செருகினால் ஒரு மணிக்குள் 100 வந்துவிடும். அப்புறம் விடியும்வரை அது நிறைந்தபடியே, வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. கொஞ்சம் இறங்கினால் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. நிறைந்த நிலையில் நெடுநேரம் கிடப்பதுதான் இன்றைய டேப்லெட்டில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காத விஷயம். சாயங்காலம் சமையல் நடக்கும் நேரத்தில் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

ராத்திரிதான் வசதி என்றால் இடத்தையாவது மாற்றுங்கள். மெத்தை, தலையணை, போர்வை மேல் வேண்டாம். தரையிலோ மர மேசையிலோ வையுங்கள்.

முழுசாக 0 வரை இறக்கி, 100 வரை ஏற்றினால்தான் பேட்டரி உழைக்கும் என்கிறார்களே?

அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. பழைய கார்ட்லெஸ் போனிலும் ஷேவிங் மெஷினிலும் இருந்த ரகம் அது. பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அந்தப் பாதியே தன் எல்லை என்பதுபோல அது நடந்துகொள்ளும் என்பார்கள். 1991-இல் சோனி லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ரகத்துக்கு இந்த வியாதி கிடையாது. வியாதி போய் முப்பது வருஷம் தாண்டியும் பத்தியம் மட்டும் வீட்டுக்கு வீடு தொடர்கிறது.

லித்தியத்துக்கு நிலைமை தலைகீழ். அடிக்கடி 0 வரை இறக்குவதுதான் கெடுதல். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது.

அடிக்கடி செருகினால் சார்ஜ் கணக்கு தீர்ந்துபோகாதா?

கணக்கு செருகும் தடவைக்கு இல்லை. மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சுழற்சி. இன்றைக்கு 90-லிருந்து 40 வரை இறங்கியது, ஏற்றிவிட்டீர்கள். நாளைக்கும் அதே 50 இறங்கியது. இரண்டு நாளும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. இடையில் பத்து தடவை செருகி எடுத்தாலும் எண்ணிக்கை கூடாது.

ஐபேட் பேட்டரி சரியான சூழலில் 1000 முழுச் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதி, அங்கே புதிதாக விற்கும் டேப்லெட்டின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு சுழற்சி ஆகிற வீட்டில் 800 என்பது நாலு வருஷத்துக்கு மேல் வரும். இதெல்லாம் அளவான வெப்பத்தில். வேலூர் மே மாதத்துக்குத் தனிக் கணக்கு, கீழே வருகிறது.

20-க்குக் கீழே இறக்காதே, 80-க்கு மேல் ஏற்றாதே என்கிறார்கள். அவசியமா?

அடிப்படை சரி. ஆனால் அதையே விரதமாக எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சதவீதம் பார்க்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு வேண்டியதில்லை.

சாயங்கால டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக வரும்போது ஏறுகிறவர்கள் சட்டென்று ஸீட் பிடித்து உட்காருவார்கள். முக்கால்வாசி நிறைந்தபின் ஒவ்வொருவரும் இடித்துத்தான் ஏற வேண்டும். கடைசியில் படிக்கட்டில் தொங்குவார்கள், பஸ் ஒரு பக்கம் சாயும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஏறுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால்தான் 20-லிருந்து 70 வரை மளமளவென்று ஏறும் சார்ஜ் 90-க்கு மேல் நகர மறுக்கிறது. பழுது ஒன்றும் இல்லை, சார்ஜ் சர்க்யூட்டே வேகத்தைக் குறைக்கிறது. நிறையும்போது ஒரு செல்லின் வோல்டேஜ் 4.2-க்கோ அதற்குச் சற்று மேலோ போகும். அந்த உயர்ந்த வோல்டேஜில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. 80-இல் நிறுத்தினால் அந்த அழுத்தம் குறைவு.

இதை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், டேப்லெட்டே செய்யும். 2024-இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோ, எம்2 ஐபேட் ஏர் முதல் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் 80 சதவீத வரம்பு இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி டேப்களில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’ என்று வரும். பழைய மென்பொருளில் அது 85-இல் நிறுத்தும், புதியதில் 80. ஐபேடில் வரம்பு வைத்த பிறகும் எப்போதாவது 100 வரை ஏறினால் பயப்படாதீர்கள். சதவீதக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள அதுவே அப்படிச் செய்யும்.

ஊருக்குப் போகிறீர்கள், ரயிலில் எட்டு மணி நேரம் பிள்ளையைச் சமாளிக்க வேண்டும் என்றால் தாராளமாக 100 ஏற்றுங்கள். கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறைகிற மாதிரி போட்டால் போதும்.

வெயிலுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும். நான் மாற்றிய பேட்டரிகளில் சார்ஜ் போட்ட முறையால் கெட்டதைவிட வெப்பத்தால் கெட்டதுதான் அதிகம்.

ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. அணைத்து வைத்திருக்கும்போது 45 வரை தாங்கும் என்கிறது. எங்கள் ஊரில் மே மாத மதியம் நிழலிலேயே 40 தாண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதல். டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போய்ப் பந்தி முடித்துத் திரும்பினால் டேப்லெட்டைக் கையால் தொட முடியாது. ஸ்கூட்டர் ஸீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியும் அப்படித்தான்.

வெப்பமும் முழு சார்ஜும் சேர்வது எவ்வளவு மோசம் என்பதற்குப் பேட்டரித் துறையில் பரவலாகக் காட்டும் மதிப்பீடு ஒன்று உண்டு. பயன்படுத்தாமல் ஒரு வருஷம் சும்மா வைத்த லித்தியம் பேட்டரி, 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு இருந்தால் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு இருந்தால் 80. 40 டிகிரியில் முழு சார்ஜோடு இருந்தால் 65. ஒரு படம்கூடப் பார்க்காமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளிது. சார்ஜ் போடும்போது தடிமனான ரப்பர் கவரைக் கழற்றுங்கள், பிள்ளைகளுக்கு வாங்கும் கைப்பிடி வைத்த ஸ்பாஞ்ச் கவரை முக்கியமாக. மதிய வெயில் விழும் ஜன்னல் திட்டிலும், டி.வி. செட்டாப் பாக்ஸ் மேலும், அடுப்பு மேடை ஓரத்திலும் வைக்க வேண்டாம். கோடையில் சார்ஜ் போட நல்ல நேரம் விடிகாலை. மதியம்தான் முடியும் என்றால் மின்விசிறிக்குக் கீழே தரையில் போடுங்கள்.

சூடு அதிகமானால் டேப்லெட்டே சார்ஜை நிறுத்திவிட்டு எச்சரிக்கை காட்டும். உடனே ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெளியே எடுத்ததும் சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வியர்க்கிறதே, அதுபோல உள்ளே ஈரம் கோக்கும். போர்டு போய்விடும். அது பேட்டரியைவிட ரொம்பப் பெரிய செலவு.

சார்ஜில் இருக்கும்போதே பயன்படுத்தலாமா?

படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், வகுப்பு கவனிக்கலாம். கனமான விளையாட்டு வேண்டாம். சார்ஜ் ஏறுகிற சூடும் விளையாட்டின் சூடும் ஒன்றாகச் சேரும்.

சார்ஜ் போட்டபடி உலோக டேப்லெட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

பெரும்பாலும் அது பயப்படும் விஷயம் இல்லை. எர்த் முனை இல்லாத இரண்டு பின் சார்ஜர்களில், மின் இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்த சின்னக் கப்பாசிட்டர் வழியாக மிக மெல்லிய மின்னோட்டம் டேப்லெட்டின் உலோகப் பகுதிக்கு வரும். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றால் அதிகமாகத் தெரியும். செருப்புப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் ‘சுருசுரு’ என்பதைத் தாண்டி ‘சுரீர்’ என்று இழுத்தால் அந்தச் சார்ஜரை அன்றே தூக்கிப் போடுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சார்ஜர் என்றால் சுருசுருவுக்கே தூக்கிப் போடலாம்.

வேறு கம்பெனி சார்ஜர் போடலாமா? லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் போட்டால் டேப்லெட் கருகிவிடாதா?

கருகாது. டைப்-சி சார்ஜரும் டேப்லெட்டும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். டேப்லெட் கேட்கும் அளவுதான் வரும். தெருக்குழாயில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் குழாயைத் திறப்பது குடம் வைத்திருப்பவர்தானே.

சிக்கல் எதிர்ப்பக்கம்தான். பழைய போனின் 5 வாட் சார்ஜரை டேப்லெட்டில் செருகிவிட்டு ‘சார்ஜே ஏற மாட்டேன் என்கிறது’ என்று வருவார்கள். பேட்டரியின் கொள்ளளவு எண் 8000 எம்.ஏ.எச். என்றால் அது ஏறக்குறைய 30 வாட்-அவர், அதாவது 30 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. 5 வாட்டில் அதை நிரப்ப ஆறு மணி நேரம், விரயத்தையும் சேர்த்தால் எட்டுவரை போகும். அதற்குள் பிள்ளை யூடியூப் பார்த்தால் ஏறுவதும் இறங்குவதும் சரியாகிவிடும். பழைய கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. 2.0 ஓட்டையில் வருவது வெறும் 2.5 வாட். டேப்லெட்டுக்கு 15 வாட்டுக்குக் குறையாத சார்ஜர் வையுங்கள்.

இந்தியாவில் சார்ஜர்களுக்குப் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். வாங்கும்போது திருப்பிப் பார்த்து, ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். கையில் தூக்கிப் பார்ப்பது என் பழக்கம். காலித் தீப்பெட்டி மாதிரி கனமே இல்லாத சார்ஜரை நான் வாங்குவதில்லை.

பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே பேட்டரிதானா?

பாதி நேரம் கேபிள்தான். போன மாதம் ஒரு டீச்சர் வந்தார். வேறு ஒரு கடையில் பேட்டரியே மாற்றிவிட்டார்களாம், அப்படியும் ராத்திரி முழுக்கப் போட்டால்தான் 60 வருகிறது என்றார். எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் யூ.எஸ்.பி. மீட்டரை நடுவில் செருகிப் பார்த்தேன். 5 வோல்ட், 0.4 ஆம்பியர். அதே சார்ஜரில் என் கேபிளை மாட்டினேன், 1.8-க்குத் தாவியது. அவர் கேபிளை விரலால் தடவினால் பிளக்கை ஒட்டி ஒரு இடத்தில் உள்ளே ஒயர் முறிந்து நெளிந்திருந்தது. தினமும் சுருட்டிக் கைப்பையில் திணித்த இடம். வேண்டாத பேட்டரிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கேபிள் நன்றாக இருந்தும் ஏறவில்லை என்றால் சார்ஜிங் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்து அடியில் கெட்டியாக இருக்கும். டேப்லெட்டை அணைத்துவிட்டு, காய்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். சேஃப்டி பின் விடாதீர்கள், உள்ளே பின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும்.

காலையில் 100, மதியத்துக்குள் 20. என்ன சாப்பிடுகிறது இப்படி?

முதலில் திரை. டேப்லெட்டில் மின்சாரத்தைப் பெரிய வாயால் தின்பது அதுதான். வெளிச்சத்தைப் பாதிக்குக் கொண்டுவந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அப்புறம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எத்தனை சதவீதம் என்று பட்டியல் வரும். திருடன் அங்கேயே பிடிபடுவான். சிம் போடும் டேப்லெட் என்றால் சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும். வீட்டில் வைஃபை இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

டார்க் மோடு ஓஎல்இடி திரையில்தான் சார்ஜை மிச்சப்படுத்தும். அதில் கருப்புப் புள்ளி எரிவதே இல்லை. எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், கண்ணுக்கு இதம் என்பதோடு சரி. விலை குறைந்த டேப்லெட் எல்லாம் பெரும்பாலும் எல்சிடி.

30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது.

இரண்டில் ஒன்று. பேட்டரி கிழடாகி, சட்டென்று அதிகம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் விழுகிறது. அல்லது சதவீதம் காட்டும் கணக்கு தப்பியிருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் பழைய வைத்தியம் உதவும். ஒருமுறை தானாக அணையும்வரை பயன்படுத்தி, இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றுங்கள். மீட்டர் சரியானால் சரி. மறுநாளும் 30-இல் விழுந்தால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதை வாரா வாரம் செய்யாதீர்கள்.

திரை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அமுக்கினால் உட்காருகிறது.

அமுக்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் கல்லாப்பெட்டிப் பக்கத்திலேயே டேப்லெட் வைத்து பில் போடும் கடைக்காரர்கள் அதிகம். ஒரு பிரியாணிக் கடையிலிருந்து வந்ததைத் திறந்தபோது பார்த்தேன். சீட்டுக்கட்டு மாதிரி தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி வெள்ளிநிறத் தலையணை போலப் புடைத்து, பின்மூடியின் பிசினை ஒரு பக்கம் முழுக்கப் பிய்த்திருந்தது. லேசாக இனித்த, நெயில் பாலிஷ் போன்ற வாசனை. விசாரித்தால், ஒன்றரை வருஷமாகப் பிளக்கிலிருந்து எடுத்ததே இல்லை, தம் போடும் அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் மேசை. முழு சார்ஜ், இருபத்து நாலு மணி நேரம், பக்கத்தில் கரி அனல். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிப் பையை ஊதிவிட்டது.

உப்பியது தெரிந்தால் சார்ஜரை எடுத்து, டேப்லெட்டை அணைத்துவிடுங்கள். காற்றை எடுக்கிறேன் என்று ஊசி குத்தினால் தீப்பிடிக்கும். குத்திவிட்டுக் கைவிரல் சுட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். உலர்ந்த மணல் போட்ட இரும்புத் தட்டிலோ மொசைக் தரையிலோ, திரைச்சீலை, பேப்பர் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள். பஸ் பார்சலிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டாம். புகை வந்தால் கையில் எடுக்காமல் விலகுங்கள், 101-ஐக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, கிட்டே போகாமல் முடிந்தால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

எப்போதும் பிளக்கிலேயே இருக்க வேண்டிய டேப்லெட் என்றால் 80 வரம்பைப் போட்டுவிடுங்கள். அந்த வசதி இல்லாத மாடலுக்கு, வைத்த நேரத்துக்குத் தானாக ஓடி நிற்கும் டைமர் பிளக் ஒன்று வாங்கி, காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பிரியாணிக் கடைக்காரர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். மேசையையும் வாசல் பக்கம் நகர்த்திவிட்டார்.

ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது பீரோவில் கிடக்கிறது. எப்படி வைப்பது?

பாதி சார்ஜில், அணைத்து, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திரும்பப் பாதிவரை ஏற்றுங்கள்.

ஏற்கெனவே இரண்டு வருஷமாகத் தொடாமல் கிடந்து உயிரே இல்லை என்றால், முதலில் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நல்ல சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுப் பக்கத்திலேயே இருங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து ‘எழுப்பித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரொம்பக் காலம் வற்றிக் கிடந்த செல்லுக்குள் தாமிரம் கரைந்து இடம் மாறியிருக்கும். எழுந்தாலும் நம்ப முடியாது.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது என்ன பார்ப்பது?

கொள்ளளவு எண் ஒரிஜினலுக்குச் சமமாக இருக்க வேண்டும். அதே அளவு, அதே கனம், ஆனால் ‘8000-க்குப் பதில் 12000’ என்று போட்டிருந்தால் அது ஸ்டிக்கர் அச்சடித்தவரின் ஆசை. தயாரித்த தேதியைக் கேளுங்கள். கடை அலமாரியில் இருந்தாலும் பேட்டரிக்கு வயசாகும், மூன்று வருஷப் பழசு வேண்டாம். ஐ.எஸ். 16046 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், லித்தியம் பேட்டரிக்கான இந்தியத் தரம் அது.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடலாமா?

வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். கொடுக்கும்வரை இணைப்பு முனையில் செல்லோ டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். என் கடையில் மாற்றுவதை எல்லாம் மணல் போட்ட பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து, மின்கழிவுக்காரர் வரும்போது மொத்தமாகக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் கிடப்பதையும் கொண்டுவந்து அதில் போட்டுவிட்டுப் போகலாம், காசு கிடையாது.